டிம்ப்னாவின் முறை

வியாழக்கிழமை மாலையானால் அயர்லாந்தின் கிளேர் வட்டாரத்தில் உள்ள நொரீனின் மதுக்கடையில் மூலை மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் வாத்தியங்களோடு உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் மெட்டைத் தொடங்க வேண்டும். மெட்டு தெரிந்தவர்கள் அவரோடு சேர்ந்துகொள்வார்கள். வந்து சேருங்கள் என்று யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கிளேர்காரர்களுக்கு அது கெஞ்சுவது மாதிரி.

தன் முறை வந்தால் டிம்ப்னா பிடிலில் ஒரே மெட்டைத்தான் எடுப்பாள். அது வடக்கே டனிகாலில் அவள் பிறந்த ஊர் மெட்டு; ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு பறிக்கப் போனவர்கள் கொண்டுவந்தது. கிளேருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு அதைக் கணவன் ஃபெர்கலுக்குப் பழக்கினாள். அவன் புல்லாங்குழலில் கூடவே வாசிப்பான். அவன் அடக்கத்தன்று தேவாலயத்தில் அதைத் தனியாக வாசித்தாள்.

அதற்குப் பிறகு அவளோடு சேர்ந்து வாசிக்க யாரும் இல்லை. இரண்டு வருடமாக அவள் அந்த மெட்டைத் தொட்டதும் மற்ற வாத்தியங்கள் எல்லாம் மடிக்கு இறங்கிவிடும். எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். முடிந்ததும் "அருமை" என்று முணுமுணுத்துவிட்டு பீரை எடுத்துக்கொள்வார்கள். இவர்களுக்குத் தெரியாத மெட்டு என்றுதான் அவள் நினைத்தாள். கேட்டுக் கேட்டு ஒருவராவது பிடித்துக்கொள்ள மாட்டாரா என்று ஒவ்வொரு வாரமும் விடாமல் வாசித்தாள். வீட்டில் தனியாக இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இத்தனை பேர் நடுவில் தனியாக வாசிப்பதுதான் அவளைக் கொன்றது.

பிப்ரவரியில் கொல்லையில் உறைபனியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டோடு சும்மாவாவது உட்காரலாம் என்று வியாழக்கிழமை வந்தாள். சுற்று அவளிடம் வந்தது. ஃபெர்கலின் பழைய கூட்டாளி மலக்கி அக்கார்டியனின் பட்டையைத் தோளில் ஏற்றினான்.

"உன் முறையத் தாண்டிப் போக மனசு வரல டிம்ப்னா. ஒனக்குப் பதிலா நாங்க வாசிக்கட்டுமா?"

அவள் தலையாட்டினாள். மேசை மொத்தமும் அவள் மெட்டை வாசித்தது. ஒரு சுரம் பிசகவில்லை. இரண்டாம் பாதியில் டனிகால்காரர்கள் பிடில் வில்லை வெட்டி இழுக்கும் இடம்கூட அப்படியே வந்தது.

எப்போது கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷமா கேட்டா கழுதைக்குக்கூட வந்துரும். இங்க எல்லாருக்கும் எப்பவோ தெரியும்" என்றான் மலக்கி.

"அப்புறம் ஏன் ஒருத்தர்கூடச் சேரல?"

"அது நீ ஃபெர்கலுக்கு வாசிக்கிறது. நடுவுல நுழைய நாங்க யாரு?"

மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மரியாதையை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் அவளுக்கு அறையலாம் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது.

அவள் முகம் மாறியதைப் பார்த்து மலக்கி பதறிப்போனான். "தப்பா எடுத்துக்காத. இது உன் மெட்டு. கட்டு அவுக்குற வரைக்கும் இனிமே தொடவே மாட்டோம்."

டிம்ப்னா நல்ல கையால் அவன் சட்டையைப் பிடித்தாள். இந்த மேசையில் யாரும் யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

"சேர்ந்துக்கோங்க மலக்கி. நான் தனியா வாசிக்கணும்னு எப்ப சொன்னேன்? ஒவ்வொரு வாரமும் உங்களுக்கு எடம் விட்டுத்தானே வாசிச்சேன்."

மலக்கியால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மறுபடி அதே மெட்டைத் தொடங்கினான். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள், அவளைத் தவிர.