சட்டைப் பையில் பழைய பேட்டரி

எங்கள் குரிச்சிபா நகர வங்கியின் பெரிய கணினிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு துணைச் செயலி இருக்கிறது. வாடிக்கையாளர் அழுத்தும் ரகசிய எண்ணைச் சரிபார்ப்பது மட்டுமே அதன் வேலை. அதையும் பெரிய கணினியின் தலையில் கட்டினால் மற்ற வேலையெல்லாம் திண்டாடும். இதுவோ நொடிக்கு ஆயிரக்கணக்கில் பார்த்துத் தள்ளும். ஆனால் மகா சந்தேகப் பிராணி. யாரோ தன்னைப் பிரிக்கிறார்கள் என்று தோன்றினால் போதும், சரிபார்ப்புக்காக உள்ளே வைத்திருக்கும் சாவி எண்ணைத் தானே அழித்துவிடும். பேட்டரி ஒரு கணம் இல்லாமல் போனாலும் அப்படித்தான். அதனால் புதிய பேட்டரியைச் செருகிய பிறகுதான் பழையதைக் கழற்ற வேண்டும்.

திங்கள் விடியலில், கணினியை நிறுத்தியிருந்த அரைமணி நேரத்தில், நான் பழையதை முதலில் கழற்றித் தொலைத்தேன். இருபது வருட அனுபவமாம், மண்ணாங்கட்டி!

கணினி மறுபடி ஓடியபோது சாவி எண் போயிருந்தது; ஊரிலுள்ள எங்கள் பண இயந்திரங்கள் அத்தனையும் கைவிரித்தன. கணினி அலமாரியைத் திறந்ததாகப் பதிவேட்டில் இருந்த கையெழுத்து ஜெனிவால்டோவுடையது. பாவி மனுஷன், எனக்குக் கதவைத் திறந்துவிட்டுக் காபி குடிக்கப் போனவன். எங்கள் பிரிவின் தலைவி ஜுலெய்கா அவன்மேல் பாய்ந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை.

சாவி எண்ணை மறுபடி ஏற்ற மூன்று பேர் வேண்டும். ஜுலெய்கா, அவன், நான். ஆளுக்கொரு பங்கு, தனித்தனி உறையில். ஒருவர் தன் பங்கை விசைப்பலகையில் தட்டும்போது மற்றவர்கள் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும்.

ஜுலெய்கா தன் பங்கைத் தட்டி முடித்தார்.

"ஜெனிவால்டோ, உன் பங்கைப் போட்டுட்டு அடையாள அட்டையைக் குடுத்துடு. நாளைலேருந்து வரவேணாம்."

தொலைபேசி அலறியது. அவர் வெளியே போனார்.

நான் சுவரைப் பார்த்து நின்றேன். அவன் நிதானமாகத் தட்டினான்.

"முடிஞ்சுது அடெமார், திரும்பு."

இப்போது என் முறை. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு பேசினான்.

"பழைய பேட்டரி உன் சட்டைப் பையில துருத்திக்கிட்டு நிக்குது. காலைலேருந்து பாக்குறேன்."

என் கை சட்டைப் பையைப் பொத்தியது. "தெரிஞ்சுமாடா சும்மா இருந்தே?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். என் பொண்ணோட ஞானஸ்நானத்துல ஞானத்தகப்பனா நின்னவன் நீதானேடா."

வெட்கத்தில் இரண்டு முறை தப்பாகத் தட்டி, மூன்றாவது முறைதான் சரியாக வந்தது.

ஜுலெய்கா திரும்பி வந்து அட்டைக்காகக் கையை நீட்டினார். அந்தக் கையில் பேட்டரியை வைத்தேன்.

"நான்தான் மேடம். அவன் இல்ல."

ஜெனிவால்டோ இன்னும் சுவரைப் பார்த்தே நின்றான். என் முறை முடிந்ததும் திரும்பச் சொல்ல வேண்டியவன் நான்.