நிலவறையில் பதிந்த பாட்டுகள்

டின் லூன்ஸ் ராக் இசைக்குழுவுக்காக உயிரையே விடும் ரசிகர்கள், அமெரிக்காவின் வடக்கே உள்ள எங்கள் டுலூத் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் ‘பனிக்கு அடியில்’ என்று பேச்செடுத்தால் அவர்களே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். குழுவின் கடைசி ஆல்பம் அது. தாளம் தள்ளாடும், குரல் குழறும், சில இடங்களில் பாதி வரி காணாமலே போய்விடும். பாடகர் லீலண்ட் அஹோ மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று ஊரே முடிவு கட்டியது. அவர் குடியை விட்டு அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. தொடவே இல்லை என்று சத்தியம் செய்தார். டிரம்ஸ் வாசித்த ஆர்வில்கூட நம்பவில்லை, விலகிப் போய்விட்டார். குழு அத்தோடு கலைந்தது.

இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு சின்ன நிறுவனம் அதை மறுபடி வெளியிடப் போவதாக அறிவித்தது. நான் இங்கே வாரப் பத்திரிகை ஒன்றில் இசை பற்றி எழுதுகிறவள். “புதுசாக் கேட்டுட்டு எழுது ரோண்டா, திட்டினாலும் சரி” என்றார் ஆசிரியர் டுவேன்.

ஜனவரி மாதம். மதியச் சாப்பாடு முடிந்து, அலுவலகத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆல்பம் மோசம் என்று தோன்றவில்லை. முதல் பாட்டு கத்தி போல இருந்தது. இரண்டாவதில் லேசாகத் தொய்வு. மூன்றாவதின் முடிவில் இரண்டு பேரின் பேச்சை அழிக்காமல் விட்டிருந்தார்கள்.

“தலை வெடிக்குதுடா. வெளிய போய் நின்னுட்டு வரேன்.”

“எனக்கும்தான். வாந்தி வர மாதிரி இருக்கு.”

நான்காவது பாட்டு மறுபடி கத்தி. ஐந்தாவது, ஆறாவது போகப் போகக் குழறல். யாரோ கதவைத் திறக்கும் சத்தம். அடுத்த பாட்டில் மறுபடி தெளிவு.

வெளியே போய் நின்றுவிட்டு வந்தால் போதை தெளியாது. அந்தத் தலைவலியை எனக்குத் தெரியும். அக்கா புருஷனோடு உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போயிருந்தபோது, குடிசைக்குள் வைத்த கேஸ் அடுப்பு எங்கள் இருவருக்கும் அதே தலைவலியைக் கொடுத்தது. வாசனை இல்லை, புகை இல்லை. காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். நான் தவழ்ந்து வெளியே வந்தேன். அவர் வரவில்லை.

குழு அந்த ஆல்பத்தைப் பதிவு செய்தது எங்கள் ஊர்ப் பெரிய ஏரியின் வடகரையில், லீலண்டின் பழைய மரவீட்டு நிலவறையில். பனிக்காலத்தில் ஜன்னல்களை அடைத்து, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு. கோடையைத் தவிர அங்கே யாரும் தங்குவதில்லை. ஆனால் முந்தின நாள்தான், கட்டுரைக்காக நான் பேசியபோது, லீலண்ட் போனில் சொல்லியிருந்தார்: “நாளைக்கு அதே ரூம்ல உக்காந்து அந்தப் பாட்டையெல்லாம் ஒழுங்காப் பாடிக் காட்டப்போறேன் பாரு. அந்தக் கிழட்டு ஹீட்டர் இன்னும் கல்லு மாதிரி இருக்கு.”

அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்.

“யாரு... ரோண்டாவா?” நாக்கு தடித்திருந்தது. ஆல்பத்தில் கேட்ட அதே குரல்.

“லீலண்ட், தலை வலிக்குதா?”

“காலைலேர்ந்து. சரியாப் போயிடும்... வார்த்தையே ஞாபகம் வரல, சிரிப்பா வருது.”

“அது விஷவாயு. ஹீட்டர்லேர்ந்து வருது. உடனே மேல ஏறி வெளிய போங்க!”

“வெளிய குளிரு, கண்ணு. கொஞ்சம் படுத்துட்டு...”

காகிதத்தில் முகவரியைக் கிறுக்கி டுவேனிடம் நீட்டினேன். அவர் தன் போனில் அவசர உதவியை அழைத்து, மூச்சு வாங்க வழி சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துத் தீயணைப்புக்காரர்கள் எல்லாம் வேறு வேலை பார்க்கிற தொண்டர்கள். கூடி வண்டி எடுத்து வருவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம்.

கெஞ்சினேன். கத்தினேன். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது, நீளமாக, இடைவெளி விட்டு. எனக்கு மீன் குடிசை ஞாபகம் வந்தது. அப்புறம் என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை.

“நீ குடிகாரன்தான்யா! ஊரு சொன்னது சரி. ஆர்வில் சொன்னது சரி. இப்பவும் குடிச்சுட்டுத்தான் கிடக்கறே!”

மூச்சு நின்றது. நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

“என்ன... சொன்னே?”

“குடிகாரன்னு சொன்னேன். பொய்யா? எந்திரிச்சு வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு!”

“அடிங்க... ஒரு சொட்டு... ஒரு சொட்டு தொட்டதில்லடி நான்!” ஏதோ உருண்டு விழுந்தது. ஒரு கிடாரின் தந்தி அதிர்ந்தது. திட்டிக்கொண்டே ஏறினார். எழுதக்கூடாத வார்த்தைகள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு படி என்று நான் வேண்டிக்கொண்டேன். பாதியில் குரல் அறுந்தது. மறுபடி சீண்டினேன். பதில் இல்லை. மறுபடி. ஒரு கதவு முனகியது, பிறகு காற்றின் இரைச்சல், அதன்பின் காற்று மட்டும்.

டுவேன் என் தோளைப் பிடித்தபடியே நின்றார்.

ரொம்ப நேரம் கழித்து, தீயணைப்பு வண்டியில் வந்த ஒரு பெண்ணின் குரல். “லைன்ல யாருங்க? ஆளு வாசல் பனியிலதான் கெடந்தாரு. மூச்சு இருக்கு.”

மூன்றாம் நாள் மருத்துவமனையில் பார்த்தேன். இரண்டு விரல்களைப் பனி தின்றிருந்தது. முகம் சாம்பல் நிறம். ஆல்பத்தில் கேட்டதை எல்லாம் சொன்னேன்: எந்தப் பாட்டில் தொய்வு, எதில் தெளிவு, நடுவில் கதவு, எல்லாவற்றிலும் ஏழாவதுதான் நல்ல பாட்டு என்பது. அவர் கண்ணை மூடியே கேட்டார்.

“ஆர்விலக் கூப்பிடு.”

ஸ்பீக்கரில் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் ஆர்வில் பேசினார்.

“லீ, அன்னைக்கு நீ வெளிய போனப்பல்லாம் உன் பெட்டி, கோட்டுப் பை எல்லாத்தையும் குடைஞ்சேன்டா. பாட்டில் தேடி.”

“கெடச்சுதா?”

“இல்ல.”

“அப்புறமும் நம்பலையே நீ.”

ஆர்வில் அழுதார். லீலண்ட் அழவில்லை. போனை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

“ஏழாவது பாட்டு இருக்கே, அது நல்லாருக்குன்னியே. அத அங்கயே, அந்தத் தலைவலியிலதான் எழுதினேன். நான் எழுதினேனா, அந்த வாயு எழுதுச்சா?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை. கட்டுரையிலும் அப்படியே எழுதினேன்.

நான் புறப்படும்போது, விளக்கை அணைக்க வந்த நர்ஸிடம் அவர் கேட்டார்: “இந்த ஜன்னலத் தொறக்க முடியுமா?” தொறக்காதுங்க என்றாள். “அப்ப கதவையாவது தொறந்து வை தாயி. நான் தூங்கிட்டா, யாராவது வந்து எழுப்பிப் பாருங்க.”