ரெண்டே ஆறு

தங்க வளையல் விரல் முட்டியைத் தாண்டி இறங்கமாட்டேன் என்றது. அன்னமேரி கட்டைவிரலை உள்ளே மடித்துக் கையைக் குவித்துக் காட்ட, அவள் அம்மா சோப்பு நுரையைத் தடவித் தடவித் தள்ளினாள்.

“நிச்சயம் ஆனப்புறம் உப்பளத்துக்குப் போகாதடின்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டியா? கையப் பாரு, மம்முட்டிப் புடி மாதிரி!”

“சீசன்ல நின்னுட்டா வேற ஆளு வெச்சிக்குவாங்கம்மா.”

மருமகள் லிடியா துண்டைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள்.

வளையலுக்கு மணிக்கட்டை அளந்து பயனில்லை. கட்டைவிரலைச் சுண்டுவிரல் பக்கம் மடித்தால் விரல் முட்டிகளைச் சுற்றி எந்த இடம் அதிகம் அகலமோ, அதைத்தான் நூல் கட்டி அளக்க வேண்டும். வளையல் தாண்ட வேண்டிய வாசல் அது. கடையில் ‘ரெண்டே ஆறு’ என்பார்கள். வளையலின் உள்விட்டம் இரண்டு அங்குலமும், அதற்கு மேல் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்ததில் ஆறு பங்கும் என்று பொருள். அடுத்தது ரெண்டே எட்டு. இரண்டுக்கும் நடுவே அரைக்கால் அங்குலம்தான். ஆனால் எலும்பு அரைக்கால் அங்குலம்கூட விட்டுக்கொடுக்காது.

இதெல்லாம் லிடியாவுக்கு நன்றாகத் தெரியும். தையல்காரிக்கு அளவைச் சொல்லித்தர வேண்டுமா? பதினைந்து நாளைக்கு முன், புருஷன் பெஞ்சமின் வளையல் வாங்கப் பாண்டிச்சேரிக்குக் கிளம்ப வண்டியை முறுக்கிக்கொண்டிருந்தான். அன்னமேரி உப்புப் பாத்தியில் இருந்தாள். ஒரு மைல் வெயிலில் நடக்க வேண்டும். ‘ரெண்டு பேரும் ஜாக்கெட்டையே மாத்திப் போடுறோம்’ என்று நினைத்து லிடியா நூலைத் தன் கையிலேயே சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டாள். ஆறு வருடம் பலகையால் உப்பை இழுத்துக் கூட்டிய கையின் முட்டி தடிக்கும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மாமியார் இப்போது கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டி, அதன் மேல் வளையலை அழுத்தினாள். அன்னமேரி பல்லைக் கடித்தாள். உப்பில் வெடித்த தோலில் சோப்பு எரிந்திருக்கும். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து லிடியாவைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

“நாளைக்கு நலங்கு. நலங்கு வெச்ச பொண்ணு வாசப்படி தாண்டக் கூடாது. வெறும் கண்ணாடி வளையலோட கோயிலுக்குப் போனா மாப்ள வீட்டுல சிரிக்க மாட்டாங்க? எல்லாம் இவ கையால வந்த வென!”

கவருக்குள் இருந்த நுரை ரத்தம் கலந்து இளஞ்சிவப்பாக மாறியது.

“அத்த, வுடுங்க,” என்றாள் லிடியா. “அவ கை மேல தப்பில்ல. அது என் கை அளவு.”

“என்னாது?”

“அளம் வரைக்கும் யாரு போறதுன்னு... என் கையிலயே நூலு கட்டிட்டேன்.”

“அடிப் பாவி! அர மணி நேரமா எம்பொண்ணு தோல உரிச்சிட்டிருக்கேன். நீ துண்டு புடிச்சிக்கினு வேடிக்க பாக்குற!” வளையலைக் கழற்றி லிடியாவின் கையில் திணித்தாள். “கெளம்பு. இந்த வாட்டி நூலு வாணாம், கையவே கூட்டிட்டுப் போ.”

பாண்டிச்சேரி பஸ் கோட்டக்குப்பம் தாண்டியது. அன்னமேரி கையில் ஈரக் கைக்குட்டை சுற்றியிருந்தது.

“உனக்குத் தெரியுமா?” என்று லிடியா கேட்டாள்.

“என் கைய யாரும் அளக்கலன்னு எனக்குத் தெரியாதா அண்ணி?”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன்.”

லிடியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடையில் அளவு பார்க்கிற பெண் கைக்குட்டையைப் பிரித்ததும் முகம் சுளித்தாள். “இன்னாங்க இது, இப்பிடிக் கன்னிப்போயிருக்கு? வீங்கின கைக்கு அளவு எடுத்தா, வீக்கம் வடிஞ்சதும் வளையல் தானா கழண்டு விழுந்துரும். ரெண்டு நாள் கழிச்சி வாங்க.”

“நாளைக்கு நலங்கு,” என்றாள் லிடியா. தவறான அளவு கொடுத்ததோடு நிற்காமல், சும்மா நின்று சரியான அளவையும் கெடுத்தாயிற்று.

அந்தப் பெண் யோசித்துவிட்டுத் திருகு வளையல் ஒன்றை எடுத்து வைத்தாள். ஒரு பக்கம் கீல், மறுபக்கம் சின்னத் திருகாணி. கதவுபோலத் திறந்து மணிக்கட்டில் வைத்து மூடலாம். முட்டியைத் தாண்ட வேண்டியதே இல்லை. பூட்டும் இடத்தில் மட்டும் மெல்லிய கோடு தெரியும்.

அன்னமேரி ஆசைப்பட்டது கோடே இல்லாத வளையலுக்கு. பழையதை ஒருமுறை பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். “இதையே எடுத்துக்கலாம்.”

லிடியா திருகாணியை மாட்டினாள்.

“ஏன் இத எடுத்தேன்னு அம்மா கேட்டா, எனக்குத்தான் புடிச்சிதுன்னு சொல்லிடுறேன் அண்ணி,” என்றாள் அன்னமேரி.

“வாணாம்மா. நானே சொல்றேன்.”