பட்டாளத்துச் சைக்கிளும் ஒரே ஒரு மேடும்

என் கணவர் லத்தீப் பதுளை பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். கடையின் பின்கட்டில் உட்கார்ந்து சில்லுக்கு, அதாவது சக்கரத்துக்கு, கம்பி கட்டுவது நான். அது பொறுமையான வேலை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஸைனப், கம்பி மேல கோவத்தக் காட்டாதீங்க, சில்லு கோழி முட்டையாப் போயிரும்" என்பார். வாஸ்தவத்தில், நான் கட்டிய சில்லு ஒன்றுகூட கோணியதில்லை. அவர் கட்டியதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம், சித்திரை வருஷப் பிறப்பு முடிந்த கையோடு இராக்கம்மா கடைக்கு வந்தாள். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். வருஷப் பிறப்புக்கு நடந்த பெண்கள் சைக்கிள் பந்தயத்தில், எங்கள் ஊர் ஏற்றத்தில் மற்றவர்கள் நாக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது, மூச்சு வாங்காமல் முதலாவதாக வந்தவள். அந்தப் பந்தயத்தை நடத்திய யாழ்ப்பாணத்து முதலாளி ஒருவர், ஜெயித்தவளுக்கும் துணைக்கு ஒருவருக்கும் விமான டிக்கெட் தந்திருந்தார். அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் நடக்கும் பந்தயத்தில் அவள் ஓட வேண்டும்.

"பிளேன்ல முழு சைக்கிள ஏத்த மாட்டாங்களாம் நானா. மடக்கிக் கொண்டாந்தா ஏத்துவாங்களாம்" என்றாள். என் கணவரை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"ரயில்ல பார்சல் போடலாமே" என்றார் என் கணவர்.

"போன வருஷம் பண்டாரவளைப் பையன் போட்டான். பந்தயம் முடிஞ்ச பொறகுதான் சைக்கிள் போய்ச் சேந்துச்சு."

அங்கேயே ஒன்றை இரவல் வாங்கலாம் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். நான் பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து முறைத்தேன். பழகாத சைக்கிளில் பந்தயம் ஓடுவது அடுத்தவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவது மாதிரி. இது தெரியாமல் ஒரு மனிதர் சைக்கிள் கடை நடத்துகிறார்!

அவளுக்கு இது வெறும் பந்தயமில்லை என்பதை அன்றைக்குத்தான் சொன்னாள். அவளுடைய மாமா நல்லையா தோட்டத்துத் தபால்காரர். தினமும் தபால் பையைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு லுணுகலைக்குப் போய் வருபவர். முட்டி தேய்ந்து, இனி முடியாது என்று சொல்லிவிட்டார். அந்தப் பையை எனக்குத் தாருங்கள் என்று இராக்கம்மா தோட்டத்து மனேஜர் துரையிடம் கேட்டிருக்கிறாள். துரை சிரித்திருக்கிறார். "யாழ்ப்பாணத்துல மொத மூணு பேருக்குள்ள வந்துட்டு வா, அப்பறம் பாப்போம்" என்றாராம். காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் நிற்கும்போது சொன்ன பேச்சு. மாற்ற முடியாது.

"எனக்கு மலையில நிக்கப் பிடிக்காம இல்லக்கா. ஆனா ரோட்டுல போகணும். தெனமும் போகணும்" என்றாள் என்னிடம். எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

மடக்குகிற சைக்கிள் எங்கள் பக்கத்தில் இரண்டே இரண்டு இருந்தன. கொஸ்லந்தையில் சீமைக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரத் துரைச்சாணி விற்றுவிட்டுப் போனது ஒன்று. குட்டிச் சில்லு, கிளிப்பச்சை நிறம், நடுவில் ஒரு பூட்டைத் திறந்தால் அழகாக மடியும். என் கணவர் அதிலேயே மயங்கிவிட்டார். மற்றது எங்கள் கடை உத்தரத்தில் வருஷக்கணக்காகத் தொங்கியது. உலக யுத்த காலத்தில் பாராசூட்டில் குதிக்கும் பட்டாளத்துக்காரருக்குச் செய்தது, தியத்தலாவை முகாமில் ஏலத்தில் எடுத்தது. கையாலேயே திருகக்கூடிய இரண்டு நட்டைக் கழற்றினால் பாதியாக மடிந்து, ஒரு சில்லு மற்றதன் மேல் வந்து படுக்கும்.

இரண்டையும் ஸ்பிரிங்வெலி ரோட்டு ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தாள். பதுளையில் சைக்கிள் பார்ப்பதென்றால் அப்படித்தான். ஏறுகிறதா என்றுதான் பார்ப்போம். இறங்குவதற்கு எதுவும் இறங்கும். பச்சை சைக்கிள் பாதி வழியிலேயே முனகியது. "அம்மிக்கல்லுக்குச் சில்லு வச்ச மாதிரி இருக்கு நானா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பட்டாளத்துச் சைக்கிள் கனம்தான், ஆனால் மிதித்த மிதி வீண்போகாமல் ஏறியது.

கனத்தைக் குறைப்பது என் வேலை. மட்கார்ட், ஸ்டாண்ட், கேரியர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தேன். மெல்லிய பந்தயச் சில்லு இரண்டு கட்டிப் போட்டேன். என் கணவர் தன் பங்குக்குப் பின்சில்லில் பெரிய பல்சக்கரமாகப் பார்த்து மாட்டினார், ஏற்றத்தில் இன்னும் லேசாக ஏறட்டும் என்று.

நிறுப்பதற்குத் தோட்டத்துக் கொழுந்துத் தராசுக்குக் கொண்டுபோகலாம் என்றார். இராக்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்தத் தராசு எப்பவும் கொறைச்சுத்தான் காட்டும் நானா. அத நம்பிப் போனா பிளேன்காரன் எறக்கி விட்டுருவான்." கடைசியில் வெலிமடை உருளைக்கிழங்கு வியாபாரியின் தராசில் நிறுத்தோம். துணிமணியோடு சேர்த்தும் விமானக் கணக்குக்குள் அடங்கியது.

அதன் பிறகு அவள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கொழுந்துக் கூடையைத் தலையிலிருந்து முதுகில் தொங்கவிடும் கயிறு உண்டே, அதை மடித்த சைக்கிளில் கட்டி, நெற்றிக்கு மேல் மாட்டிக்கொண்டு கடையைச் சுற்றி நடந்தாள். "கூடை மாதிரியே முதுகுல ஒட்டிக்கிச்சு. இதுவே இருக்கட்டும்" என்றாள். அப்படித்தான் அந்தச் சைக்கிள் தேர்வானது.

துணைக்குப் போக வேண்டியது என் கணவர். டிக்கெட்டைப் பார்த்ததிலிருந்து அவருக்கு வயிறு சரியில்லை. "யாழ்ப்பாணத்துல உங்க தங்கச்சி ஸவாஹிரா ஈக்கிறாதானே, நீங்களே போய்ட்டு வாங்களேன்" என்றார் பெரிய மனதோடு. நான் அவர் மனம் மாறுவதற்குள் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

ரத்மலானையில் விமானம் கிளம்பியபோது நான் ஓதாத ஸூரா இல்லை. இராக்கம்மாவோ ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு சிரித்தபடியே வந்தாள். பலாலி நெருங்கும்போது அவள் சிரிப்பு நின்றது.

"அக்கா, கீழ பாருங்க. மேடே இல்ல."

பார்த்தேன். கோலம் போட மெழுகிய தரை மாதிரி கிடந்தது யாழ்ப்பாணம். எங்கள் சைக்கிளோ மலை ஏறுவதற்கென்றே பல்சக்கரம் மாட்டிய சைக்கிள். சமதரையில் கால்தான் பம்பரமாகச் சுற்றும், வண்டி போகாது. பதுளையில் இத்தனை பேர் கூடி யோசித்தோமே, பந்தயம் நடக்கும் ஊரில் ஏற்றம் இருக்கிறதா என்று ஒருவராவது கேட்டோமா? எங்களுக்கு ரோடு என்றாலே ஏற்றம்தான்.

சின்னப் பல்சக்கரம் தேடி அன்று மாலை முழுவதும் அலைந்தோம். மறுநாள் போயா விடுமுறை, கடைகளெல்லாம் மத்தியானமே பூட்டியாயிற்று. நான் என் கணவரை, துரையை, பாராசூட்டுப் பட்டாளத்தை, எல்லோரையும் ஏசித் தீர்த்தேன். இராக்கம்மா ஏசவில்லை. "ஓடித்தான் பாப்போமேக்கா" என்றாள். ஆனால் இரவு சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

காலையில் நடுவர் விதியைச் சொன்னார். "புறப்பட்ட சைக்கிளோடதான் வந்து சேர வேணும். வேற சைக்கிள் மாத்தினால் கணக்கில்லை." அவ்வளவுதான் விதி.

நான் பின்னால் போகும் காரில் இருந்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. மற்றப் பெண்கள் ஒரு மிதி மிதிக்கும்போது இவள் இரண்டு மிதிக்க வேண்டியிருந்தது. மாமாவின் காக்கிக் கால்சட்டை நனைந்து ஒட்டியது. ஒவ்வொருத்தியாக இவளைத் தாண்டிப் போனார்கள். எல்லோருக்கும் கடைசியாக இவள், இவளுக்குப் பின்னால் நான், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பந்தயம் முடிய ஒரு மைல் இருக்கும்போது ரயில்வே கேட் வந்தது. மூடியிருந்தது. ஒரு சாமான் ரயில் ரோட்டை மறித்துக்கொண்டு, போவதா வருவதா என்று முடிவு செய்யாமல் நின்றது. முன்னால் போன பெண்கள் அத்தனை பேரும் கேட்டருகே காலூன்றி நின்றார்கள். பக்கத்தில் ஸ்டேஷன். ஸ்டேஷனில் தண்டவாளத்துக்கு மேலே ஆட்கள் கடக்கும் இரும்புப் பாலம். ஒருத்தி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்த்தாள். படி திரும்பும் இடத்தில் ஹேண்டில் கம்பியில் மாட்டிக்கொள்ள, பின்னுக்கு இறங்கி வந்தாள்.

இராக்கம்மா இறங்கினாள். பாலத்தை ஒருதரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள், முகமெல்லாம் பல்.

"அக்கா, மேடு!"

இரண்டு நட்டையும் திருகிக் கழற்றினாள். சைக்கிள் மடிந்தது. இடுப்பில் சுற்றியிருந்த கூடைக்கயிற்றை அவிழ்த்துக் கட்டி, தலையில் மாட்டி, முதுகில் ஏற்றினாள். முழுக் கூடைக் கொழுந்தைச் சுமந்து மழையில் வழுக்கும் மலையில் ஏறுகிறவளுக்கு அந்தப் படி எம்மாத்திரம்! கையை வீசிக்கொண்டு ஏறினாள். நான் காரை விட்டுக் குதித்து, முக்காட்டை இறுக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன். நான் மேலே போய்ச் சேரும்போது அவள் அந்தப் பக்கம் இறங்கி, சைக்கிளை விரித்து, நட்டை முறுக்கிக்கொண்டிருந்தாள். "போ புள்ள! போ!" என்று பாலத்தின் மேலிருந்து கத்தினேன். ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து பார்த்தார்.

ரயில் நகர்ந்தது. கேட் திறந்தது. நான் பாலத்திலேயே நின்றுவிட்டேன். மற்றவர்கள் பறந்தார்கள், காரும் அவர்கள் பின்னால் போய்விட்டது. தூரத்தில் ஒருத்தி இவளை எட்டிப் பிடித்தாள். தாண்டினாள். இன்னொருத்தியும் தாண்டினாள். ரோடு வளைந்து எல்லோரும் மறைந்தார்கள்.

அந்த ஒரு மைலை நான் எப்படி ஓடினேன் என்று கேட்காதீர்கள். செருப்பில் ஒன்று வழியிலேயே போய்விட்டது. போய்ச் சேர்ந்தபோது இராக்கம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொல்ல மூச்சில்லை. மூன்று விரலைக் காட்டினாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

துரை சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். அடுத்த வாரம் கடை வாசலில் மணி கேட்டது. அதே பட்டாளத்துச் சைக்கிள், தோட்டத்துத் தபால் பை, இராக்கம்மா. பதுளையில் ஏதோ கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தாள். என் கணவர் குற்றவாளி மாதிரி, நான் தேடிப் பிடித்து வைத்திருந்த சின்னப் பல்சக்கரத்தை எடுத்து வந்தார்.

"மாத்தித் தரவா புள்ள?"

"எதுக்கு நானா?" என்றாள் அவள், ஏற்றத்தின் பக்கம் சைக்கிளைத் திருப்பிக்கொண்டே. "நான் வீட்டுக்குத்தானே போறேன்."