அஞ்சுகம் அக்காவைக் கூப்பிட முடியாத வீடு

எங்கள் குடியிருப்பு கணினிக்கு எழுதும் ஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்டது. செங்கல், சிமெண்ட் எதுவும் கிடையாது. எந்த வீடு வாங்கினாலும் உள்ளே அதே சில ஆட்கள் இருப்பார்கள். அந்த மொழியின் புத்தகத்தில் அவர்களுக்கு உள்ளமைந்த செயற்கூறுகள் என்று பெயர். நாங்கள் வீட்டோட ஆட்கள் என்போம். மற்ற வேலைக்கெல்லாம் வெளியிலிருந்து ஆள் வரவழைக்க வேண்டும். இவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

கோதண்டம் எதைக் கொடுத்தாலும் நீளம் சொல்வார். மரகதம் எதைக் கொடுத்தாலும் வரிசையாக அடுக்குவார். ஒருமுறை என் மாமாக்களை அடுக்கிவிட்டார். கடைசியில் நின்ற மாமா இன்னும் எங்களோடு பேசுவதில்லை.

அஞ்சுகம் அக்கா கேள்வி கேட்பார். பெயரைச் சொல்லி, கேட்க வேண்டியதை இரண்டு உள்ளங்கைக்குள் வைத்து நீட்ட வேண்டும். அதை எடுத்து எதிரே இருப்பவரிடம் அப்படியே கேட்பார். பிறகு காத்திருப்பார். பதில் வரும்வரை எதுவும் நகராது. வந்ததும் அதை வாங்கி, கூப்பிட்டவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் நான் கோட்டை விட்டபோது அப்பா அவரைத்தான் கூப்பிட்டார்.

"மார்க் எவ்வளவு?" என்று அக்கா கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அடுப்பில் பால் பாதி பொங்கி நின்றது. ஜன்னலுக்கு வெளியே மழை அந்தரத்தில் நின்றது. அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைக்க எடுத்தவர் அப்படியே நின்றார். அக்கா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்தவில்லை. முகத்தைச் சுளிக்கவில்லை. நான் நிதானமாக அழுது முடித்துவிட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் பால் வழிந்தது. எனக்காக அப்படி யாரும் காத்திருந்ததில்லை.

மகள் பிறந்தபோது நானே அவரைக் கூப்பிட்டேன். "குழந்தைக்கு என்ன பேரு?" என்று அவர் என் மனைவி கோமளாவிடம் கேட்டார். கோமளா அவர் முகத்தையே பார்த்தாள்.

"அஞ்சுகம்" என்றாள்.

பெயர் பதிவாகிவிட்டது. மறுநாள் அக்காவைக் கூப்பிட்டேன். தொட்டிலில் குழந்தை திரும்பிப் பார்த்தது. அக்கா வரவில்லை. ஒரு வீட்டில் ஒரு பெயருக்கு ஒருவர்தான் வருவார் என்பது எல்கேஜி பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்களைப் போன்ற கெட்டிக்காரர்களுக்குத்தான் தெரியவில்லை.

மகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போனாள். வீட்டில் யாரும் யாருடைய பதிலுக்கும் நிற்பதில்லை. போன மாதம் அப்பா இறந்துபோனார். எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அக்கா வேண்டியிருந்தது.

மகளைக் கூட்டிக்கொண்டு பெயர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு கதவு மட்டும் இருந்தது. குமாஸ்தா அதில் சாய்ந்திருந்தார்.

"அவங்க எங்கயும் போகல சார். உங்க பொண்ணுக்குப் பின்னாடிதான் நிக்கறாங்க."

பார்த்தேன். யாரும் இல்லை.

"தெரிய மாட்டாங்க. பேரு மறைக்குது."

"என்ன செய்யணும்?"

"பாப்பா பேரை அழிச்சிடலாம். சின்ன வேலைதான்."

"வேற பேரு வச்சா?"

"அது வேற பாப்பா சார்."

"அப்ப இந்தப் பாப்பா?"

"பேரு இல்லாததை யாரு வச்சிருப்பா? சாயங்காலம் பெருக்கறவங்க வந்து எடுத்துட்டுப் போவாங்க."

அவர் ரப்பரை எடுத்து ஊதினார். மகள் அதை ஆசையாகப் பார்த்தாள். அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாங்க."

"அப்ப பக்கத்து வீட்டுல போய்ப் பாருங்க. நீங்க வச்ச பேரு உங்க வாசல் வரைக்கும்தான்."

பக்கத்து வீட்டு மெர்லின் டீச்சர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்ன சார், இங்க அவங்க சும்மாதானே இருக்காங்க. உட்காருங்க."

அவர் கத்தியை வைத்துவிட்டுச் சற்று யோசித்தார். உள்ளங்கைக்குள் ஏதோ வைத்து, "அஞ்சுகம்" என்றார். வாசலில் விளையாடிய மகள் திரும்பவில்லை. இந்த வீட்டில் அது அவள் பெயர் இல்லை.

அக்கா வந்தார். ஒரு நரைகூட இல்லை.

"அக்கா, நான்தான். என்னைத் தெரியுதா?"

தெரியவில்லை. வீட்டோட ஆட்கள் எதையும் நினைவில் வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் அவர்களுக்கு முதல்முறைதான். தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் வலித்தது.

"அப்பா போனப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

டீச்சர் அசையாமல் நின்றார். குக்கர் விசில் பாதியில் நின்றது. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே காத்திருப்பு. எனக்கு அதைவிட்டு வெளியே வர மனமில்லை. பதில் என்னிடம் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அது என்னிடமே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அப்போதுதான் வாசலைப் பார்த்தேன். மகள் ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். வாய் திறந்திருந்தது. சொல்ல வந்தது வாய்க்குள்ளேயே நின்றிருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"பயமா இருந்துச்சுக்கா" என்றேன்.

அக்கா அதை வாங்கி டீச்சரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். டீச்சர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

மகளின் கால் தரையில் பட்டது.

"அப்பா, ஏன் அழுவுற? அந்தம்மா யாரு? தாத்தாவுக்கும் பயமா இருந்துச்சா?"

மூன்றில் எதற்கும் அவள் நிற்கவில்லை. அதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டாள். நான் மூன்றாவதிலிருந்து பதில் சொல்லிக்கொண்டே அவள் பின்னால் ஓடினேன்.