நன்றிப் பக்கத்து நீலம்

கீர்த்திகா இறந்த ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அவள் இருந்த எல்லாப் படங்களிலிருந்தும் நீலம் கிளம்பிப் போய்விட்டது. பினாங்கின் ஜெலுத்தோங்கில், பெற்றோரோடும் கணவனோடும் அவள் வாழ்ந்த அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த திருமணப் படத்தில் அவளுடைய நீலச் சேலையும் விரித்திருந்த நீலச் சமுக்காளமும் ரோசாவாயின, வாழை மரங்கள் மஞ்சளாயின. டொரொண்டோவில் இருக்கும் பெரியம்மாவின் கைத்தொலைபேசியில், கடற்கரையில் எடுத்த படத்தில் கடல் வெளுத்தது. அவள் வேலை பார்த்த டயாலிசிஸ் மையத்துச் சுவரில் ஒரு குழுப்படம் இருந்தது. கீர்த்திகா தாதி அல்ல, வரவேற்பு மேசையில் இருந்தவள். படத்தில் ஓரமாகத்தான் நின்றாள். ஆனாலும் அவள் நின்ற படம் என்பதால் பதினொரு தாதியரின் நீலச் சீருடையும் ஒரே நொடியில் ரோசாவாகிவிட்டன. நோயாளிகள் இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசினார்கள், பிறகு விலைவாசிக்குத் திரும்பினார்கள். நேரத்தைக் குறித்து வைத்தவர் கீர்த்திகாவின் அப்பா ஐயாத்துரை. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், கப்பல் வந்தாலும் போனாலும் மணியோடு எழுதிப் பழகியவர்.

அவளுடைய கணவன் தயாளனுக்கு முப்பத்திரண்டு வயது. கல்லூரியில் வடிவமைப்புப் படித்துவிட்டு, குயின் தெருவுக்குப் பின்னால் சிக்கந்தர் நடத்தும் அச்சகத்தில் எட்டு வருடமாகக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவன். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா அறிக்கை, கடைப் பலகை எல்லாம் வரும். ஆனால் அவன் கை தேர்ந்தது நினைவு மலரில். பினாங்கில் உள்ள யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு முடித்து, வந்தவர் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். முகப்பில் படம், உள்ளே வாழ்க்கை வரலாறும் தேவாரமும், கடைசிப் பக்கத்தில் நன்றி. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போவதில்லை, வீட்டாரும் அப்போது நன்றி சொல்வதில்லை; சொல்ல வேண்டியதெல்லாம் அந்தக் கடைசிப் பக்கத்துக்காகக் காத்திருக்கும். வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அதே புத்தகம் மின்கோப்பாகப் போகும். அதில் நீலத்தில் அடிக்கோடிட்ட சொல்லை அழுத்தினால் பாட்டு ஒலிக்கும், அல்லது ஒருவருடைய தொலைபேசி அடிக்கும். இந்த இணைப்புகளை ஒவ்வொன்றாக அழுத்திச் சோதித்த பிறகே கோப்பை அனுப்புவது தயாளனின் வழக்கம். அப்படி எண்பது புத்தகம் செய்திருந்தான். எண்பத்தொன்றாவது அவன் மனைவியுடையது.

டெங்கிக் காய்ச்சல் நான்கு நாளில் அவளைக் கொண்டுபோயிற்று. அவளுக்கு இருபத்தொன்பது வயது. தயாளன் அழவில்லை. உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்கார்ந்தான், எழச் சொன்னபோது எழுந்தான். பத்தாம் நாள் அச்சகத்துக்குப் போய், மற்ற வேலைகளைத் திறப்பது போலவே இந்த வேலையையும் திறந்தான். முகப்புக்கு அவன் எடுத்து வைத்த படம் 2020 தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படிக்கட்டில் எடுத்தது. மயில்நீலச் சேலையில் கீர்த்திகா, அவளுக்குப் பின்னால் மயிற்பீலி வைத்த ஒரு காவடி, மேலே வானம், தூரத்தில் ஒரு கோடு கடல். இப்போது சேலை வெளுத்த ரோசா. வானமும் கடலும் ஒரே பால் நிறம். பீலிக் கண்கள் துரு நிறம். அவன் நிறப் பலகையைத் திறந்து, அச்சுக்கு நீலம் தரும் சையான் என்ற கட்டத்தில் நூறு என்று போட்டான். சேமித்துவிட்டுத் திறந்தால் சுழியம். தூரிகையால் தீட்டினான், தீட்டிய இடம் காய்ந்த தரை தண்ணீரை உறிஞ்சுவது போல உறிஞ்சிக்கொண்டது. வேறொரு படத்திலிருந்து வானத்தை வெட்டி ஒட்டினான். கீர்த்திகாவின் தலைக்கு மேல் வைத்ததும் அந்த வானமும் வெளுத்தது.

சிக்கந்தர் பின்னால் வந்து நின்று பார்த்தார். “தம்பி, நாலு கலர் மிசினுக்கு மூணு கலர் படம் குடுத்தா மிசின் கோவிச்சுக்கும்லா. பேசாம கறுப்பு வெள்ளையா மாத்திடு. நினைவு மலருக்கு அதுவும் ஒரு அழகுதான்.”

தயாளன் மாற்றி, வீட்டுக்கு எடுத்துப் போய் மாமியார் புஷ்பராணியிடம் காட்டினான். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். “என்ர பிள்ளைக்கு இருபத்தொன்பது வயசு. அவள் என்ன கறுப்பு வெள்ளைக் காலத்து ஆளே? கலரிலதான் வரவேணும் தம்பி. இல்லாட்டிப் புத்தகமே வேண்டாம்.” மாமனார் நாட்காட்டியில் நாட்களை எண்ணினார். அந்த வீட்டில் புத்தகம் இல்லாமல் முப்பத்தோராம் நாள் நடந்ததில்லை. இருபத்தொரு நாள் மீதி இருந்தது.

முகப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, தயாளன் மற்றப் பக்கங்களை முடித்தான். பதினைந்தாம் நாள் மாதிரிப் பிரதியை மாமியிடம் கொடுத்தான். அவர் எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டு போய்க் கடைசிப் பக்கத்தில் நின்றார். நேரில் வந்தும் தொலைபேசி வழியாகவும் ஆறுதல் சொன்னவர்கள், மலர்வளையம் வைத்தவர்கள், உணவு தந்து உதவியவர்கள் என்று அந்தப் பக்கம் ஓடியது. எட்டு வருடமாக எல்லாக் குடும்பத்துக்கும் அவன் போட்டு வந்தது அந்த ஒரே பக்கம்தான், குடும்பப் பெயரையும் ஓரிரு வரியையும் மட்டும் மாற்றுவான். இந்த முறை அதற்கு முந்திய புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தான். அந்தப் புத்தகம் எண்பத்தாறு வயதுக் கிழவர் ஒருவருடையது.

“இஞ்ச பாரும்,” என்றார் மாமி. “சிங்கப்பூரிலயிருந்து வந்த பேரப்பிள்ளையளுக்கு நன்றி எண்டு கிடக்கு. ஆற்ற பேரப்பிள்ளையள்?”

தயாளனுக்கும் கீர்த்திகாவுக்கும் பிள்ளைகள் இல்லை.

மாமி கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “எட்டு நாள் இந்த வீட்டில அடுப்பு மூட்டேல்ல. ஆனா எல்லாரும் சாப்பிட்டனாங்கள். சோறு என்ன வானத்திலயிருந்தே விழுந்தது? கொண்டு வந்தவைக்குப் பேர் இல்லையே?”

அவனுக்குத் தெரியவில்லை. அந்த எட்டு நாளிலும் அவன் கண்ணில் பட்டது தரை ஓடு மட்டும். நினைவில் நின்றது ஒரு கை. சோற்றைப் பிசைந்து உருட்டி அவன் உள்ளங்கையில் வைத்த கை. யாருடையது என்று அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து தயாளன் ஒரு குறிப்பேட்டோடு ஆள் ஆளாகத் தேடிப் போய்க் கேட்டான். எதிர் வீட்டு ஹாஜரா கதவைத் திறந்து, முதலில் அவனை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். எட்டு நாளும் காலைச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்து போயிருக்கிறது. “எங்க சட்டியில கறி வாசம் இருக்கும்ல, உங்களுக்கு அது ஆகாது. அதான் பாசார்ல போயி புதுசா ஒரு பெரிய சட்டி வாங்கினேன்,” என்றார். அவனுக்குச் சோறு உருட்டிக் கொடுத்தது அவரா என்று கேட்டான். “நானா? நான் வாசல்ல வச்சிட்டு வந்துருவேன் தம்பி. உள்ள வர மனசு வரல.”

அச்சகத்துக்குத் திரும்பி, நன்றிப் பக்கத்தை வெறுமையாக்கி, முதல் வரியில் ஹாஜரா என்று எழுதினான். டொரொண்டோச் சொந்தங்கள் கூப்பிட்டுப் பேச வசதியாக அந்தப் பெயரில் அவர் எண்ணுக்கு இணைப்புப் போட்டான். பெயர் நீலமாகி அடிக்கோடு விழுந்தது. அந்தக் கோப்பில் நீலம் ஒட்டிய முதல் இடம் அதுதான், ஆனால் அப்போது அவன் கவனிக்கவில்லை. வழக்கம்போல் சோதிக்க அழுத்தினான். அங்கே எடுத்துவிட்டார்கள்.

“ஹலோ, யாரு?”

“தயாளன்க்கா. புத்தகத்துல உங்க பேருக்கு லிங்க் போட்டேன். வேலை செய்யுதான்னு பாத்தேன்.”

“செய்யாமயா மணி அடிக்குது? சாப்பிட்டியா?”

வைத்துவிடலாம் என்றுதான் இருந்தான். வாய் வேறு சொன்னது. “அந்தப் புதுச் சட்டிக்கு நன்றிக்கா.”

“போடா. சட்டிக்கு யாராச்சும் நன்றி சொல்லுவாங்களா?” என்றார் ஹாஜரா.

அவன் முகப்பைத் திறந்தபோது படிக்கட்டுக்கு மேலே வானம் வந்திருந்தது. சையான் நாற்பது. சேமித்துவிட்டுத் திறந்தான், நாற்பதாகவே இருந்தது.

இரண்டாவது பெயர் வாசு. மாக் மண்டின் பகுதியில் பட்டறை வைத்திருப்பவர், வாரம் மூன்று முறை கீர்த்திகாவின் மேசையைத் தாண்டிப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்பவர். செய்தி கேட்ட அன்று அவர் முறை நாள். முடித்துக்கொண்டு, கையில் ஊசி போட்ட கட்டோடு லாரி ஓட்டிக் கொட்டகையும் நாற்காலிகளும் கொண்டுவந்தார். தயாளன் இணைப்பை அழுத்தி, நாற்காலிகளுக்கு நன்றி சொன்னான். “அதுல ரெண்டு குறையுது தம்பி,” என்றார் வாசு. “தேடிப் பாரு, நீயே ஒண்ணுல உக்காந்திருப்ப.” குனிந்து பார்த்தான். சிவப்பு நாற்காலி, பின்புறம் வாசுவின் பட்டறைப் பெயர். எப்போது அச்சகத்துக்கு எடுத்து வந்தான் என்று அவனுக்கே தெரியாது. பதினைந்து நாளில் முதல் முறையாகச் சிரித்தான். படத்தில் கடல் கோடு திரும்பியிருந்தது.

அடுத்த பத்து நாளில் பெயர்கள் மொத்தம் பதினான்காயின. வாசலில் செருப்புகளை அடுக்கி வைத்தவர், தேவாரம் பாட வந்து மழையில் மாட்டிக்கொண்டவர், மின்தூக்கி பழுதானதால் தண்ணீர்ப் புட்டிகளை ஒன்பது மாடி தூக்கி வந்த இரண்டு பேர். ஒவ்வொரு இணைப்பாக அழுத்த, காவடியில் ஒவ்வொரு பீலியாக நீலம் பிடித்தது. டயாலிசிஸ் மையத்துத் தாதி ஷர்மினிக்கு, கீர்த்திகாவுக்குக் கடைசிச் சேலை கட்டிவிட்டவளுக்கு, அழைப்புப் போன நிமிடம் அங்கே சுவரில் பதினொரு சீருடையும் நீலமாயின. அவள் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே அதை எண்ணிச் சொன்னாள். ஆனால் எங்கும் கீர்த்திகாவின் உடையில் மட்டும் நீலம் ஏறவில்லை. தண்ணீர்மலையில் எல்லா நீலமும் வந்து சேர்ந்த வானத்தின் கீழே, அவள் வெளுத்த ரோசாச் சேலையில் நின்றாள். இருபத்தெட்டாம் நாள் ஆகிவிட்டது. மறுநாள் அச்சுக்குப் போகாவிட்டால் புத்தகம் இல்லை.

தயாளன் ஷர்மினியை மறுபடியும் அழைத்துக் கேட்டான். சோறு கொடுத்த கை யாருடையது?

“உங்களுக்குத் தெரியாதா அண்ணே?” என்றாள். “உங்க மாமிதான்லா. மக கூடத்துல கிடக்குறா, அந்தம்மா மருமகனுக்குச் சோறு உருட்டிக் குடுக்குது. உங்க சட்டையையும் அவங்கதான் இஸ்திரி போட்டாங்க. நாங்கல்லாம் பாத்துட்டுத்தானே இருந்தோம்.”

நன்றிப் பக்கத்தில் வீட்டார் பெயர் வராது. வீட்டார் சொல்லும் நன்றி அது, கீழே குடும்பத்தினர் என்று கையொப்பம் இருக்கும். எண்பது புத்தகத்தில் ஒன்றில்கூட அவன் அப்படிப் போட்டதில்லை. பதினைந்தாவது வரியில் புஷ்பராணி என்று எழுதி, இணைப்புப் போட்டு, அழுத்தினான்.

“ஹலோ, ஆர்?” பின்னால் குழாய்த் தண்ணீர் சத்தம்.

“தயாளன், மாமி.”

“என்னத்தை விட்டிட்டுப் போனீர்?”

“ஒண்ணுமில்ல. எட்டு நாளும் சோறு உருட்டிக் குடுத்தீங்க. நான் நிமிந்துகூடப் பாக்கல. நன்றி மாமி. புத்தகத்துல பேர் போட்டிருக்கேன்.”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. “விசரே உமக்கு? வீட்டு ஆக்களுக்கு ஆர் நன்றி போடுறது? சனம் சிரிக்கும். பேரை எடும்.”

“எடுக்க மாட்டேன் மாமி.”

குழாய் நின்றது. பாதம் இழுத்து நடக்கும் சத்தம் கூடத்துத் திருமணப் படம் வரைக்கும் வந்தது. தயாளன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முந்தானை நுனியில் தொடங்கி, கொசுவம் கொசுவமாக இறங்கி, கரை வரைக்கும் மயில்நீலம் பரவியது. அவன் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. விசைப்பலகை நனையாமல் தள்ளி வைத்தான்.

“தம்பி,” என்றார் மாமி கடைசியில். “இந்த நீலம் எனக்கு அப்பவும் பிடிக்கேல்ல. கடுங்கலர் வேண்டாமெண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். அவள் கேட்டவளே?” மூக்கை உறிஞ்சினார். “வடிவாத்தான் இருக்கிறாள்.”

புத்தகம் முந்நூறு பிரதி நாலு வண்ணத்தில் வந்தது. முப்பத்தோராம் நாள் கொடுத்தபோது வந்தவர்கள் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதன் பிறகு மற்றக் குடும்பங்களும் பெயர் போடச் சொல்லிக் கேட்க, சிக்கந்தர் நன்றிப் பக்கத்தை இரண்டு பக்கமாக்கினார். தயாளன் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறான். இப்போது சாப்பிடும்போது, பரிமாறுபவரைப் பார்த்துச் சாப்பிடுகிறான்.

ஒவ்வொரு வருடமும் அவள் திதியை ஒட்டி அவள் படங்களிலிருந்து நீலம் மூன்று நாள் கிளம்பிப் போகும், பிறகு தானாகத் திரும்பி வரும். எங்கே போய்வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. மாமி காலையில் கூடத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, “போயிட்டுது,” என்பார். தயாளன் சரி என்று தலையாட்டிவிட்டு வேலைக்குப் போவான். அச்சகத்து மையில் நீலம் குறையாவிட்டாலும், அந்த வாரம் நீலத்தில் அழைப்பிதழ் கேட்டு வருகிறவர்களிடம், திங்கட்கிழமை தருகிறேன் என்பான்.