பேசாத நாள்

அன்புச்செல்வனோடு கப்பல் சமையலறையில் வேலை பார்த்தவர் கெதுத். பாலித் தீவுக்காரர். மனைவி நியோமனோடும் மகள் புத்துவோடும் முகையூருக்கு வருவதாகவும், ஓட்டல் வேண்டாம், உங்கள் வீட்டிலேயே தங்கி நீங்கள் சாப்பிடுவதையே சாப்பிடுகிறோம் என்றும் போனில் சொன்னார். கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் சமயம். மனைவி சித்ராவை ஒரு வார்த்தை கேட்காமல் அன்புச்செல்வன் சரியென்றுவிட்டான். அவர்களை அழைத்துவர அவன் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பும்போதே சித்ரா அவனோடு பேச்சை நிறுத்தியிருந்தாள்.

வந்தவர்கள் மேல் அவளுக்கு வருத்தமில்லை. நியோமன் காலையில் தென்னங்கீற்றில் சின்னத் தட்டு முடைந்து, பூ வைத்து, கோலத்தின் ஓரத்தில் வைப்பாள். பிறகு கொல்லைக்கு வந்து சித்ராவின் பக்கத்தில் குந்திக்கொண்டு செடியிலிருந்து காய் பறிப்பாள். இருவருக்கும் பொதுவான மொழியில்லை. சிரிப்பிலேயே வேலை ஓடியது. புத்துவும் சித்ராவின் மகள் இசைவாணியும் மல்லாட்டைத் தோலில் கம்மல் செய்து மாட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

அமாவாசையன்று எல்லோரும் திருவாமாத்தூர் கோயிலுக்குப் போனார்கள். திரும்பும் வழியில் பஸ்ஸில் கெதுத் தயங்கித் தயங்கிக் கேட்டார். மறுநாள் அவர்களுக்குப் புது வருஷமாம். அன்று நெருப்பு மூட்டமாட்டார்கள், விளக்கேற்றமாட்டார்கள், வேலை செய்யமாட்டார்கள், வாய் திறந்து பேசவும் மாட்டார்கள். பின்கட்டு அறையில் மூவரும் சும்மா உட்கார்ந்துகொள்ளலாமா?

அன்புச்செல்வன் அதைத் தமிழில் சொல்லிவிட்டுச் சித்ராவைப் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியபடி, பொதுவாகச் சொன்னாள்.

"ரூம்ல எதுக்கு? மொத்த வீடும் அப்படியே இருக்கட்டும். நான்தான் அதப் பண்ணிக்கினே இருக்கேனே."

கடைசி வாக்கியத்தை அவன் கெதுத்துக்குச் சொல்லவில்லை.

மறுநாள் வேலையாட்களை வரவேண்டாமென்று சொல்லியாயிற்று. போன்களெல்லாம் அலமாரிக்குள் போயின. பிள்ளைகளுக்கு முந்தின நாள் காய்ச்சிய கேப்பைக் கூழும் பச்சை மல்லாட்டையும். வெயில் ஏற ஏற வீடு கரையை விட்டு மெல்ல நகர்ந்து எங்கோ போய்க்கொண்டிருப்பதுபோல் சித்ராவுக்குத் தோன்றியது. தெருவில் போன டிராக்டரின் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதாகக் கேட்டது. குழந்தைகள் உதட்டில் விரல் வைத்துக்கொண்டே தூங்கிப்போனார்கள். வேப்பமரத்து நிழல் கூடத்தில் வந்து படுத்தது, நகர்ந்தது, வாசலைத் தாண்டிப் போனது.

அவனைத் திட்டுவதற்கென்று அவள் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் நிறைய. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். இவ்வளவு அமைதியில் அவை யாரோ யாரையோ சொன்னவைபோல் இருந்தன. அவளுடைய மௌனத்தில் எப்போதும் ஒரு கதவு சாத்தும் சத்தம் இருந்திருக்கிறது. இந்த மௌனத்தில் அது இல்லை. எதிரே அன்புச்செல்வன் கண்களை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தான். எவ்வளவு களைத்திருக்கிறான் என்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

இருட்டியதும் மொட்டை மாடியில் பாய் விரித்து வரிசையாகப் படுத்தார்கள். சுற்றிலும் ஊர் விளக்குகள் எரிய, இந்த ஒரு வீடு மட்டும் தீவுபோல் கருத்துக் கிடந்தது. நட்சத்திரங்கள் கைக்கெட்டும் தூரத்துக்கு இறங்கி வந்திருந்தன. நியோமன் இருட்டில் துழாவிச் சித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எப்போது தூங்கினோம் என்று யாருக்கும் தெரியவில்லை.

விடிந்ததும் கெதுத்தும் நியோமனும் ஒருவர் முன் ஒருவர் நின்று கைகூப்பி ஏதோ சொன்னார்கள். பிறகு சித்ராவிடமும் வந்து கைகூப்பினார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்புச்செல்வன் தொண்டையைச் செருமினான். "பேசாத நாளுக்கு மறுநாள் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் மன்னிப்புக் கேக்கறது இவங்க வழக்கமாம்."

பிறகு அவள் பக்கம் திரும்பி, "உன்னக் கேட்டுட்டு வரச் சொல்லியிருக்கணும். தப்புதான்" என்றான்.

சித்ரா சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். நீல நெருப்பு எழுந்து நிற்பதைப் புதிதாய்ப் பார்ப்பவள்போல் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நானும் ரொம்பதான் இழுத்துட்டேன். டீ போடறேன், கூப்புடு அவங்கள" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "புதன்கிழம கெளம்பறேன்னாரே, பிடுங்கல் முடியட்டும், அப்புறம் போலாம்னு சொல்லு" என்றாள்.